பின்சக்கரத்தின் சுமை: புல்லட் முதல் லடாக் வரை ஷாக் அப்சார்பரின் வரலாறு

லாஹௌல் பள்ளத்தாக்கில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடுமிடத்தில் தாண்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மோட்டார்சைக்கிள் பயணிகள் அங்கே நின்றே ஆகவேண்டும் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அங்கிருந்த பெட்ரோல் நிலையத்தின் பலகை அறிவித்ததே காரணம். 350 சிசி வண்டியொன்றின் தொட்டி 13.5 லிட்டர் கொள்ளும் என்றும், மலையேற்றத்தில் லிட்டருக்கு 27 கிலோமீட்டர் கிடைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், நிரம்பிய தொட்டி அந்தத் தொலைவைக் கடப்பதற்குள் வறண்டுவிடலாம். வழிதவறினாலோ, பனிநீர் ஓடைகளைக் கடக்க முதல் கியரிலேயே நெடுநேரம் ஓட்டினாலோ சொல்லவே வேண்டாம். ஆகவே ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் பத்து லிட்டர் கேன் ஒன்று ஏறியது. பத்து லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ ஏழரைக் கிலோ. கூடாரம், உறங்குபை, மழையுடுப்பு, உதிரி டியூப், கிளட்ச் கேபிள் ஆகியவையும் அதனுடன் சேர்ந்தன. இவையனைத்தும் பின்சக்கர அச்சுக்கு மேலோ, அதற்கும் பின்னாலோதான் கட்டப்பட்டன. மோட்டார்சைக்கிளில் வேறு இடம் ஏது?

நெடும்பயணத்துக்கு வண்டியை ஆயத்தம் செய்பவர்கள் பின் ஷாக் அப்சார்பரை மாற்ற எண்ணும்போது முதலில் கேட்பது, “எது மெத்தென்று இருக்கும்?” என்பதே. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஆனால் அக்கருவி பிறந்ததன் வரலாறு வேறு. ஷாக் அப்சார்பர் சொகுசுக்காக மட்டும் வளர்ந்த பொருளன்று. சக்கரத்தை மண்ணிலிருந்து விலகாமல் வைத்திருப்பது அதன் முதற்பணி; மாறும் சுமையிலும் அப்பணியைச் செய்யவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இவ்விரண்டும் மறக்கப்பட்டதன் விலையை லடாக்கின் சரளைச் சாலைகளில் ஓட்டுநரும், பின்னிருக்கையில் அமர்ந்தவரும் தம் முதுகெலும்பால் செலுத்துகின்றனர்.

இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட பிரித்தானிய மோட்டார்சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரம் சட்டகத்தோடு நேரடியாக, எவ்வித நெகிழ்வுமின்றிப் பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் அமர்ந்த தோல் இருக்கைக்கு அடியில் மட்டும் இரு சுருள்வில்கள் இருந்தன. அதாவது மனிதனுக்கு வில் உண்டு, சக்கரத்துக்கு இல்லை. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. பிலிப் வின்சென்ட் 1920களின் இறுதியிலேயே பின்சக்கரத்துக்கு வில் அமைத்து வண்டி விற்றார். எனினும் பெருவாரியான தயாரிப்பாளர்களும், குறிப்பாகப் போட்டி ஓட்டுநர்களும் அதை நம்பவில்லை. பின்சக்கரம் மேலும் கீழும் ஆடினால் மண்மீதான பிடிப்பு போய்விடும் என்றே அவர்கள் வாதிட்டனர்.

இந்த வாதத்துக்குக் களத்தில் மறுமொழி சொன்ன வண்டிகளுள் ஒன்று ராயல் என்ஃபீல்ட் புல்லட். ரெடிட்ச் ஆலையின் தலைமைப் பொறியாளர் டோனி வில்சன் ஜோன்ஸின் பொறுப்பில் உருவான 350 சிசி முன்மாதிரி, 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பைப் போட்டியில் வெளிவந்தது. பின்சக்கரத்தை ஒரு ஸ்விங் ஆர்ம் தாங்கியது. அதன் இருபுறமும் எண்ணெய்த் தணிப்புடன் கூடிய வில்தண்டுகள் நின்றன. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறுநாள் போட்டியில் வென்ற பிரித்தானிய அணியில் இரு புல்லட்டுகள் இருந்தன. இரண்டின் ஓட்டுநர்களும் தங்கப் பதக்கம் பெற்றனர். கற்பாறைகளும் சேறும் நிறைந்த பாதையில் ஆறு நாள் ஓடி நிரூபிக்கப்பட்டது சொகுசன்று, பிடிப்பு. வில்லில்லாத சக்கரம் கல்லில் மோதியதும் காற்றில் எழும்புகிறது. எழும்பிய கணத்தில் அதற்கு உந்துவிசையும் இல்லை, பிரேக்கும் இல்லை. வில்லுள்ள சக்கரமோ கல்லின்மேல் ஏறி இறங்குகிறது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஸ்விங் ஆர்ம் சட்டகத்துடன் நார்ட்டன் நிறுவனம் 1950இல் ‘ஐல் ஆஃப் மேன்’ பந்தயத்தில் வென்றபின் இவ்விவாதம் ஏறக்குறைய முடிந்துபோயிற்று.

இங்கே பெயரைப் பற்றி ஒரு சொல். ஷாக் அப்சார்பர் என்ற பெயரே வாங்குபவரைத் திசைதிருப்பக்கூடியது. அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது வெளியே தெரியும் சுருள்வில். உள்ளேயிருக்கும் எண்ணெய்க் குழலின் முதன்மைப் பணி, அமுங்கிய வில் மீண்டெழும்போது துள்ளாமல் தணிப்பது. கிளீவ்லாந்தைச் சேர்ந்த கிளாட் ஃபாஸ்டர், கேப்ரியல் என்ற தேவதூதரின் பெயரில் கார்களுக்கு ஊதுகுழல் செய்து விற்றுவந்தவர். அவர் 1910களில் ‘ஸ்னப்பர்’ என்றொரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வில் மேலெழும்புவதைப் பட்டைகொண்டு இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. தணிப்பு என்பதன் சாரம் அந்தப் பட்டையில் இருந்தது. அந்நிறுவனத்தின் பெயரையே தாங்கி, ஆனந்த் குழுமத்தால் 1961இல் மும்பையில் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா, இந்நாட்டு ஷாக் அப்சார்பர் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

புல்லட் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் உருவாகி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இணைத்தனர். பின்னர் அச்சுக்கருவிகளையே வாங்கி உள்நாட்டில் உற்பத்தி செய்தனர். ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிரித்தானிய உற்பத்தி 1970இல் அடியோடு நின்றது. ஆனால் 1948இன் அந்த ஸ்விங் ஆர்ம் வடிவம் திருவொற்றியூரில் தொடர்ந்து வார்க்கப்பட்டது. பிறந்த ஊரில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட ஒரு வடிவம், இங்கே காவல்துறையினரையும் பால்காரர்களையும் நிலவுடைமையாளர்களையும் சுமந்துகொண்டிருந்தது.

சுமந்தது என்பது இங்கே உவமையன்று. ஆறுநாள் போட்டியில் ஓடிய புல்லட்டில் அமர்ந்தவர் ஒருவரே. இந்தியப் புல்லட்டில் ஒருவர் அமர்வது அரிது. பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்த பெண், இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை, தொட்டிமேல் இன்னொன்று, கொக்கியில் தொங்கும் காய்கறிப்பை என்பதுதான் இந்நாட்டு வீதிகளின் வழக்கம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி, கால்வைக்கும் இடம், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியளவேனும் மறைக்கும் காப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. பின்னிருக்கைப் பயணியை விதிவிலக்காக அன்றி இயல்பாகவே சட்டம் கண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனால் இந்திய ஷாக் அப்சார்பரை வடிவமைப்பவர்முன் ஒரு தீராச் சிக்கல் எழுந்தது. காலையில் அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தனியே அலுவலகம் செல்கிறார். மாலையில் அதே வண்டி குடும்பத்தையே சுமக்கிறது. சுமை இருமடங்குக்கு மேல் மாறுகிறது, வில் மாறுவதில்லை. தனியாளுக்கு ஏற்ற வில் குடும்பத்தின்கீழ் அடியில் முட்டும். குடும்பத்துக்கேற்ற வில் தனியாளைத் தூக்கியெறியும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு வில்களை வைத்து, சுமை கூடும்போது இரண்டாவது துணைக்கு வரும்படி அமைத்து இதற்குத் தீர்வு காண முயன்றவர்களும் உண்டு. 2000களின் முற்பாதியில் பஜாஜ் வண்டிகளில் எஸ்என்எஸ் என்ற பெயரில் வந்த அமைப்பு அவ்வகையினது. மற்றபடி பெரும்பாலோர் நாடியது, வில்லின் அடியிலுள்ள ஐந்துபடி வளையத்தை. வளைந்த ஒரு ஸ்பேனரால் அதைத் திருப்பிச் சுமைக்கேற்ப வில்லை முன்கூட்டியே இறுக்கலாம். அந்த ஸ்பேனர் எத்தனையோ வண்டிகளின் கருவிப்பையில் பூச்சுக்கூட உரியாமல் கிடந்தது என்பது வேறு செய்தி.

தொழில்நுட்பத்தின் அடுத்த பாய்ச்சல் பிரான்சிலிருந்து வந்தது. சாதாரணக் குழலில் எண்ணெய்க்கு மேல் சிறிது காற்று இருக்கும். தண்டு விரைந்து ஏறி இறங்கும்போது இரண்டும் கலந்து நுரைக்கும். நுரை துளைகள் வழியே எளிதாக ஓடிவிடுவதால் தணிப்பு குறையும். வில் தன்போக்கில் துள்ளத் தொடங்கும். 1950களில் கிறிஸ்தியான் புர்சியே தெ கார்போன் என்ற பொறியாளர், எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் தடுப்பொன்றால் பிரித்து, வாயுவை உயரழுத்தத்தில் அடைத்தார். அழுத்தத்தின்கீழ் இருக்கும் எண்ணெய் எளிதில் நுரைப்பதில்லை. இவ்வளவே அதன் பயன். வாயு இங்கே மெத்தையாகச் செயல்படுவதில்லை. எண்ணெய்க்குக் காவலாக நிற்கிறது. மலிவான வகைகளில் அந்தத் தடுப்பும் இராது. வாயுவும் எண்ணெயும் ஒரே அறையில் இருக்கும். நைட்ரஜனின் அழுத்தம் மட்டும் நுரையை ஓரளவு கட்டுப்படுத்தும்.

இந்தியாவில் இச்செய்தி வந்து சேர்ந்தது விளம்பரத்தின் வழியே. 2000களின் நடுப்பகுதியில் பல்சரில் ‘நைட்ராக்ஸ்’ என்ற பெயருடன் வாயுநிரப்பிய ஷாக்குகள் வந்தன. 2009இல் வெளிவந்த கிளாசிக் 500இலும் அவ்வகையே, 80 மில்லிமீட்டர் அசைவுடன். ‘காஸ் ஷாக்’ என்பது வீதிப்பேச்சில் மெத்தென்ற சவாரிக்கு மறுபெயராயிற்று. டெல்லி கரோல் பாக்கின் நாய்வாலா சந்து போன்ற உதிரிபாகச் சந்தைகளில், பக்கவாட்டில் குடுவை பொருத்திய ஷாக்குகள் பளபளக்கும் வண்ணங்களில் தொங்கத் தொடங்கின. எண்ணெய்க்குக் கூடுதல் இடமளித்துச் சூட்டைப் பகிர்வதே உண்மையான குடுவையின் வேலை. மலிவுச் சரக்குகளில் சில குடுவைகள் உட்குழலோடு தொடர்பே இல்லாத வெற்று அலங்காரம். குடுவையைத் தட்டிப்பார்த்து வாங்குவோரும் உண்டு. பாவம், அந்த ஒலியில் தெரிவது ஒன்றுமில்லை.

இதற்கிடையே மோட்டார்சைக்கிள் நெடும்பயணம் இந்தியாவில் ஒரு பண்பாடாகவே வளர்ந்திருந்தது. 1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. மணாலி–லே சாலை 1989 முதல் பயணிகளை ஏற்றது. 1997இல் நாற்பது பேர் ராயல் என்ஃபீல்ட் வண்டிகளில் கர்துங்லா சென்ற பயணம், பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் நிகழ்வுக்கு வித்தாயிற்று. கரோல் பாக்கில் பழைய புல்லட் வாங்கி மலையேறிய வெளிநாட்டவரும், பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் விடுப்பெடுத்து வந்த இளைஞரும் அதே சாலையில் சந்தித்துக்கொண்டனர். எல்லைச் சாலைகள் அமைப்பு 1960 முதல் இமயத்தில் வெட்டிவந்த சாலைகள் இராணுவ லாரிகளுக்காக வெட்டப்பட்டவை. லாரியின் சக்கரம் பொருட்படுத்தாத பள்ளம், மோட்டார்சைக்கிளுக்குப் பெரும்பள்ளம்.

அந்தச் சாலையில் பின் ஷாக்குக்கு நேர்வது என்ன? காட்டா வளைவுகளின் இருபத்தொரு கொண்டையூசிகளில் சுமை பின்னால் சரிகிறது. வண்டியின் பின்பகுதி அமர்ந்துவிடுகிறது. பின் அமர்ந்தால் முன்சக்கரத்தின்மீதான எடை குறைகிறது, முகப்பு மேல்நோக்குகிறது, திருப்பம் மந்தமாகிறது. ஒருபக்கம் பள்ளத்தாக்கு திறந்திருக்கும் வளைவில் வண்டி திரும்ப மறுப்பது சிறு செய்தியன்று. பாங் தாண்டி மோர் சமவெளியில் வேறொரு சோதனை. தார் இல்லாத காலங்களில் அங்கே சலவைப்பலகைபோல் நெளிநெளியாகக் கிடந்த பாதையில், ஷாக் ஒரு நொடிக்குப் பலமுறை என்று மணிக்கணக்கில் இடைவிடாது இயங்கும். தணிப்பு என்பது அசைவை வெப்பமாக மாற்றுவதன்றி வேறில்லை. 5,000 மீட்டரை ஒட்டிய அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் பாதியைச் சற்றே மிஞ்சும். மெலிந்த காற்று சூட்டையும் மெல்லவே எடுத்துச்செல்லும். எண்ணெய் இளகி நுரைத்தபின், சமவெளியில் ஒழுங்காக இருந்த வண்டி அங்கே ஊஞ்சலாகிறது. ஓட்டுநரோ பழியைச் சாலைமேல் போடுகிறார்.

இங்கேதான் மிகப் பரவலான தவறு நிகழ்கிறது. ஐந்துபடி வளையத்தைக் கடைசிப்படிக்குத் திருப்பினால் வில் கடினமாகிவிடும் என்று நம்பப்படுகிறது. ஆகாது. வில்லின் கடினம் அதன் கம்பியின் தடிப்பிலும், சுருளின் விட்டத்திலும், சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. வளையம் அவற்றுள் எதையும் தொடுவதில்லை. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. ஆகவே உயர்தர ஷாக்கைத் தேர்பவர் தொடங்கவேண்டிய இடம் கடையன்று, வீட்டு முற்றத்தில் ஓர் அளவுநாடா.

முறை எளியது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வில் முழுதும் தளர்ந்த நிலையில், சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே இருக்கைச் சட்டத்திலுள்ள ஒரு புள்ளிவரை அளக்கவேண்டும். பிறகு வண்டியை இறக்கி, எவரும் அமராமல் அளக்கவேண்டும். இறுதியாக, பயணத்தில் உடன்வரும் அத்தனை சுமையையும் கட்டி, ஓட்டுநரும் பின்னிருப்பவரும் முழு உடுப்புடன் அமர்ந்தபின் அளக்கவேண்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வேறுபாடு, மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருப்பது நல்லது. 80 மில்லிமீட்டர் அசைவென்றால் 20 முதல் 27 மில்லிமீட்டர். நாற்பதைத் தாண்டினால் பாதி அசைவு புறப்படும் முன்னரே செலவாகிவிட்டது என்று பொருள். வளையத்தை இறுக்கி இந்த அளவைச் சரிசெய்யும்போது நடு அளவைக் கவனிக்கவேண்டும். எவரும் அமராத வண்டி தன் எடையால் சிறிதும் அமுங்காமல் விறைத்து நின்றால், வில் அந்தச் சுமைக்கு மெலிந்தது. வேறு வில்லே தேவை. விறைத்து நிற்கும் வண்டியைப் பார்த்து “நல்ல கடினம்” என்று மகிழ்பவர், உண்மையில் மெலிந்த வில்லைத்தான் வைத்திருக்கிறார். முரணாகத் தோன்றினாலும் கணக்கு அப்படித்தான்.

வில் முடிவான பின்னரே தணிப்பு. கடினமான வில்லுக்குப் பழைய தணிப்பு போதாது. பள்ளத்தைக் கடந்ததும் இருக்கை ஓட்டுநரை மேல்நோக்கி உதைக்கும். மீள்தணிப்பை மாற்றும் திருகுள்ள ஷாக்குகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நெடும்பயணிக்குத் தகும். அமுக்கத் தணிப்பின் திருகு, பெரும்பாலோர்க்கு இல்லாவிடினும் பழுதில்லை. நீளம் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். தரையிடைவெளி கூடும் என்று பத்து மில்லிமீட்டர் நீண்ட ஷாக்கைப் பொருத்தினால், முன்சக்கரத்தின் சாய்கோணம் மாறி வண்டி வேகமாகத் திரும்பும். செயினின் தளர்வு மாறும். பக்க ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். சுமையேற்றிய வண்டி சரளையில் பக்க ஸ்டாண்டிலிருந்து கவிழ்வது அப்பாதையில் புதிதன்று.

தயாரிப்பாளர்களும் இக்கணக்கை உணராமலில்லை. 2013இன் கான்டினென்டல் ஜிடிக்கு இத்தாலியின் பயோலி ஷாக்குகள் வந்தன. 2016இன் ஹிமாலயனில் இரட்டை ஷாக் கைவிடப்பட்டு, நடுவில் ஒற்றை ஷாக்கும் 180 மில்லிமீட்டர் அசைவும் அமைந்தன. கிளாசிக்கின் 80உடன் ஒப்பிட்டால் இருமடங்குக்கும் மேல். எந்தப் பாதைக்கு அது என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. ஆயினும் 2018இன் இன்டர்செப்டர் 650 மீண்டும் இரட்டை ஷாக்கோடும் 88 மில்லிமீட்டரோடும் வந்தது. தோற்றத்துக்காகத் தேர்ந்த வடிவம் அது. அதை வாங்கியவருள் பலர் அதிலேயே லே செல்லவும் விரும்பினர். சுவீடனின் ஓலின்ஸ், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், இங்கிலாந்தின் ஹேகன் போன்ற நிறுவனங்களின் ஷாக்குகளுக்கு இந்திய வண்டிகளில் இடம் கிடைத்தது இந்த இடைவெளியில்தான். எவ்வளவு நல்ல ஷாக்கும் 88ஐ 180 ஆக்காது. அந்த 88ஐ வீணாக்காமல் பயன்படுத்தும்.

ஆர்டர் எடுக்கும்போது ஓட்டுநரின் எடையையும், பின்னிருப்பவர், சுமை ஆகியவற்றின் எடையையும் கேட்டு, அதற்கேற்ற வில்லைப் பொருத்தி அனுப்பும் வழக்கம் தேர்ந்த தயாரிப்பாளர்களிடம் உண்டு. நண்பரிடமிருந்து பாதி விலைக்குக் கிடைத்த இரண்டாங்கை ஷாக்கில் அவருடைய எடைக்கான வில் இருக்கும் என்பதை மறக்கலாகாது. இன்னொன்று, அந்த ஷாக்கைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற முடியுமா, அதைச் செய்யும் பணிமனை எந்த ஊரில் இருக்கிறது என்பது. தூசும் பனிநீரும் தண்டைக் கீறிய பிறகு சீல் கசியத் தொடங்கும்; பிரிக்க முடியாத ஷாக் அன்றோடு எறியப்படும். நாடெங்கிலுமுள்ள பழைய புல்லட் மெக்கானிக்குகள் கேட்கும் முதற்கேள்வியும் எடையைப் பற்றியதுதான். “தனியாவா, ஜோடியாவா?” என்பார்கள். அதற்கு விடை வந்தபிறகே அவர்கள் கை ஸ்பேனருக்குப் போகிறது.